அலுவல் முடிந்து வீடு திரும்பும் உறவினருக்கு என்ன கொண்டு செல்வது?



சென்ற மாதம் ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பின் ஒரு வாலிபர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். அவருடைய பெரியவாப்பா அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாராம். வீட்டில் விருந்து வைக்கிறார்களாம். வெறுங்கையோடு போவது முறையாகாது, எதை வாங்கிக்கொண்டு போவது, கடிகாரமா, சால்வையா, மோதிரமா, மார்க்கத்தில் இதற்கு ஏதாவது வழி சொல்லப்பட்டிருக்கிறதா என்றார். சிறிய கேள்விதானே என்று பதில் சொல்லத் தொடங்கினேன். அஸர் பாங்கு சொல்லும் வரை பேச்சு முடியவில்லை. அன்று சொன்னவற்றையும், சொல்லக் கூசி நான் விட்டுவிட்ட ஒன்றையும் இங்கே எழுதுகிறேன்.

பணி ஓய்வு விருந்து என்பது நம் கிதாபுகளில் பெயர் சொல்லப்பட்ட ஒன்றன்று. அது வணக்கமும் அன்று, பித்அத் என்று வாள் உருவ வேண்டியதும் அன்று. ஊர் வழக்கம், அவ்வளவுதான். மத்திய அரசின் விதிப்படி 60 வயது நிறைகின்ற மாதத்தின் கடைசி நாள் பிற்பகலோடு ஓர் ஊழியரின் பணி முடிகிறது. ஆகவேதான் இந்த விருந்துகள் பெரும்பாலும் மாதக் கடைசியிலேயே வருகின்றன. விருந்து வழக்கத்தைச் சேர்ந்தது. ஆனால் அங்கே கொண்டுபோகும் பொருள் மார்க்கத்தைச் சேர்ந்தது. ஏனெனில் அது ஹதிய்யா.

ஹதிய்யா என்றால் என்ன? நம் ஷாஃபிஈ மத்ஹபின் ஆதார நூலாகிய மின்ஹாஜில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மூன்று சொற்களைப் பிரித்துக் காட்டுகிறார்கள். ஈடு எதுவும் வாங்காமல் ஒரு பொருளை ஒருவருக்கு உடைமையாக்கினால் அது ஹிபா. தேவையுடையவருக்கு மறுமை நன்மையை நாடிக் கொடுத்தால் ஸதகா. ஒருவரைக் கண்ணியப்படுத்தும் பொருட்டு அவர் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தால் ஹதிய்யா. ஹிபாவுக்குக் ‘கொடுத்தேன்’, ‘ஏற்றேன்’ என்ற வாய்ச்சொல் வேண்டும். ஹதிய்யாவுக்கு அதுவும் வேண்டியதில்லை. இவர் அனுப்ப, அவர் பெற்றுக்கொண்டால் போதும் என்பதே சரியான சொல். (மேடையில் ஏறி, ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கச் சொல்லி, புகைப்படக்காரர் வரும் வரை பொருளைக் கையில் பிடித்தபடி நிற்க வேண்டும் என்று எந்த இமாமும் ஷர்த்து வைக்கவில்லை!)

கண்ணியப்படுத்துவது என்று சொன்னோம். யாரைக் கண்ணியப்படுத்துகிறோம்? அந்த மனிதரையா, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியையா? இந்தக் கேள்விக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஓர் உரைகல்லைத் தந்து சென்றிருக்கிறார்கள்.

அபூ ஹுமைத் அஸ்ஸாஇதீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. இப்னுல் லுத்பிய்யா என்று சொல்லப்பட்ட ஒருவரை ஸகாத் வசூலிக்க நபியவர்கள் அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு உரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று இரண்டாகப் பிரித்து வைத்தார். நபியவர்கள் மிம்பரில் ஏறி அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டு, இந்த மனிதர் தம் தந்தை வீட்டிலோ தாய் வீட்டிலோ உட்கார்ந்திருக்கட்டும், அப்போதும் அவருக்கு அன்பளிப்பு வருகிறதா இல்லையா என்று பார்க்கட்டும் என்னும் கருத்தில் பேசினார்கள். அப்படி எடுத்துக்கொண்டவர், எடுத்தது ஒட்டகமாயினும் மாடாயினும் ஆடாயினும், அது கத்திக்கொண்டிருக்க மறுமையில் அதைக் கழுத்தில் சுமந்து வருவார் என்றும் எச்சரித்தார்கள்.

நம் உலமாக்கள் இந்த ஹதீஸை லஞ்சத்தைக் கண்டிக்க எடுத்துச் சொல்வார்கள். அது சரியே. ஆனால் பணி ஓய்வைப் பற்றி யோசிக்கும்போது இதில் இன்னொரு பக்கமும் தெரிகிறது. ஓய்வு பெற்றவர் நாளை முதல் தம் வீட்டில்தான் உட்காரப் போகிறார். முப்பது ஆண்டுகளாக அவருக்கு வணக்கம் சொன்னவர்களில், அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்து சலாம் சொல்பவர் யார்? நாற்காலி போன பின்னும் அவரைத் தேடி வருகிற பொருளே சந்தேகமற்ற ஹதிய்யா. அப்படிக் கொடுக்க எல்லாரினும் அதிகத் தகுதியுள்ளவர்கள் உறவினர்களாகிய நாம்தான். அவர் கையெழுத்தால் நமக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை என்றால், நம் அன்பளிப்பில் யாரும் குறை சொல்ல முடியாது.

காழி ஒருவர் யாரிடம் அன்பளிப்பு வாங்கலாம் என்ற சட்டத்தையும் மின்ஹாஜில் காணலாம். வழக்கு உள்ளவர் கொடுத்தாலும், அவர் பதவிக்கு வருமுன் கொடுத்துப் பழகாத ஒருவர் கொடுத்தாலும் வாங்குவது ஹராம். முன்பே கொடுத்துப் பழகியவர், வழக்கு ஏதும் இல்லாதவர், வழக்கமான அளவிலேயே கொடுத்தால் ஆகும். அரசாங்க அலுவலருக்கும் இதே அளவுகோலைப் பொருத்திப் பார்க்கலாம். உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், ஹதிய்யா என்பது நபியவர்கள் காலத்தில் ஹதிய்யாவாக இருந்தது, இன்றோ அது லஞ்சம் என்ற கருத்தில் சொன்னதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் எடுத்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் இதைச் சொன்னது ஹிஜ்ரி நூறையொட்டிய காலத்தில்! நம் காலத்தைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது?

வியப்பு என்னவென்றால், அரசாங்கமும் ஏறக்குறைய இதையே எழுதி வைத்திருக்கிறது. 1964-ஆம் ஆண்டின் மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகளையே நம் புதுச்சேரி, காரைக்கால் அரசு ஊழியர்களும் பின்பற்றுகிறார்கள். அதில் 13-ஆம் விதி அன்பளிப்புகளைப் பற்றியது. திருமணம், மதச் சடங்கு போன்ற வேளைகளில் நெருங்கிய உறவினரும், அலுவல் தொடர்பு இல்லாத நண்பரும் வழக்கப்படி கொடுப்பதை வாங்கலாம். மதிப்பு ஓர் எல்லையைத் தாண்டினால் தெரிவிக்க வேண்டும். 14-ஆம் விதி பாராட்டுக் கூட்டங்களைப் பற்றியது. ஓய்வு பெறும்போதோ மாற்றலாகும்போதோ நடக்கும் தனிப்பட்ட முறையிலான, ஆடம்பரமில்லாத வழியனுப்பு விருந்துக்கு அதில் தடை இல்லை. ஆனால் அதோடு ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறார்கள். அத்தகைய விருந்துக்குப் பணம் போடும்படி எந்த ஊழியரையும் எவ்வகையிலும் நெருக்கக் கூடாது. மேல் நிலையில் உள்ளவரின் விருந்துக்காகக் கடைநிலை ஊழியரிடம் எந்தச் சூழ்நிலையிலும் சந்தா வசூலிக்கக் கூடாது.

இந்தக் குறிப்பைப் படித்தபோது எனக்கு முகம் சுட்டது. அன்று அந்த வாலிபரிடம் சொல்லக் கூசிய விஷயம் இதுதான்.

என் உம்மா பிறந்த ஊர் போலகம். காரைக்காலுக்கும் நாகூருக்கும் இடையே, திருமலைராயன் பட்டினத்தை ஒட்டிய ஊர். உம்மாவுக்கு இரண்டு தம்பிமார். பெரிய மாமா காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஓய்வு விருந்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே குடும்பத்தில் பேச்சு தொடங்கிவிட்டது. ஆளுக்கொரு கடிகாரம் வாங்கிக் குவிப்பதைவிட எல்லாரும் சேர்ந்து அரைப் பவுனில் ஒரு மோதிரம் போடலாம் என்று முடிவாயிற்று. பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு 4,000 ரூபாய். வசூலிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ஆலிம் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்களாம்! நானும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு லாத்தா இருக்கிறார். கணவரை இழந்தவர், தையல் தைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். அவர் வீட்டுக்கும் போனேன். அவர் உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்து, நூறும் ஐம்பதுமாக மடித்த தாள்களை என் கையில் வைத்து, “சரியா இருக்கான்னு எண்ணிக்க தம்பி” என்றார். நான் எண்ணினேன். சரியாக இருந்தது. நோட்டில் பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இரவில் தூக்கம் வரவில்லை. ஒரு முஸ்லிமின் பொருள் அவர் மனம் விரும்பித் தந்தாலன்றி ஆகுமாகாது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை எத்தனை முறை மிம்பரில் சொல்லியிருப்பேன்! நாலு பேர் முன்னிலையில் கேட்டு, வெட்கத்தால் ஒருவரைக் கொடுக்க வைப்பதை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் சாட்டையால் அடித்துப் பறிப்பதோடு ஒப்பிடுகிறார்கள். ஒன்று உடலின் மேல் விழும் சாட்டை, மற்றது உள்ளத்தின் மேல் விழும் சாட்டை. வெட்கத்தின் வாளைக் காட்டி எடுத்தது ஹராம் என்று நம் ஃபிக்ஹு நூல்கள் சொல்வதை மாணவர்களுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன். அன்று அந்த வாள் என் கையில்தான் இருந்தது. என் தொப்பியும் ஜுப்பாவும் அதற்குச் சாணை பிடித்துக் கொடுத்தன.

மறுநாள் அந்த லாத்தாவிடம் மட்டும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் அது அவரை இன்னொரு முறை வெட்கப்படுத்துவதாகும். ஆகவே பன்னிரண்டு வீட்டுக்கும் திருப்பிக் கொடுத்தேன். காரணம் கேட்டவர்களிடம், ஆணுக்குத் தங்க மோதிரம் கூடாது என்று சொன்னேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மையன்று. முழு உண்மையை இப்போதுதான் எழுதுகிறேன்.

மோதிரத்தின் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தங்கமும் பட்டும் இந்த உம்மத்தின் ஆண்களுக்கு ஹராம், பெண்களுக்கு ஹலால். ஓய்வு பெறுபவருக்குத் தங்க மோதிரம் கொடுத்தால் அது அவருக்குச் சொந்தமாகாது என்பதில்லை. நபியவர்கள் உமர் (ரலி) அவர்களுக்கு ஒரு பட்டாடையை அனுப்பினார்கள். உமர் (ரலி) அவர்கள் திகைத்து வந்து கேட்டபோது, நீர் அணிவதற்காக நான் இதைத் தரவில்லை என்றார்கள். அதன்பின் உமர் (ரலி) அவர்கள் அதை மக்காவிலிருந்த, அப்போது இஸ்லாத்துக்கு வராத தம் சகோதரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே உடைமையாக்குவது கூடும். விற்கலாம், மனைவி மக்களுக்குக் கொடுக்கலாம். ஆனால் நாம் செய்வது அதுவா? மேடையில் அவர் விரலில் மாட்டிவிட்டுக் கைதட்டுகிறோம். அணிய வைப்பதற்காகவே கொடுக்கிறோம். வெள்ளி மோதிரமாயின் தடையில்லை.

வெள்ளியில் மற்றொரு தவறு நடக்கிறது. வெள்ளி டம்ளர், வெள்ளித் தட்டு கொடுப்பது இப்போது கௌரவமாகிவிட்டது. பொன், வெள்ளிப் பாத்திரத்தில் உண்பதும் பருகுவதும் ஆண், பெண் இருவருக்குமே ஹராம். அலமாரியில் அழகுக்குத்தானே வைக்கிறோம் என்று சொல்பவருக்கு, நம் மத்ஹபின் பலமான சொற்படி அப்படி வைத்திருப்பதும் கூடாது என்பதே பதில். எவர்சில்வராக வாங்குங்கள். சால்வை விஷயத்தில் கவலையே வேண்டாம். கூட்டங்களில் போர்த்தப்படும் பளபளப்பான சால்வைகளில் பட்டு இருப்பது அபூர்வம்!

இனி, ஒரு பொருளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால் எப்படி அனுப்புவது? பெரிய மாமாவின் விருந்தன்று ஓர் ஒப்பந்தக்காரர் ஆள் மூலமாக ஒரு பெரிய பெட்டியை அனுப்பியிருந்தார். மாமா என்னைத் தனியே அழைத்து, “ஆலிம்சா, இனிமே எனக்கும் அவருக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் இருக்கு? வாங்கிக்கலாமா?” என்றார். முன்பே பேசி வைத்தது, செய்துகொடுத்த காரியத்துக்குப் பின்னால் வருகிற கூலி என்றால், ஓய்வு பெற்ற மறுநாள் வந்தாலும் அது லஞ்சம்தான், தாமதமாக வந்த லஞ்சம் என்றேன். அப்படி ஒன்றும் இல்லை என்றார். நான் நம்பினேன். அப்படியானால் தாய் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் இது வந்திருக்குமா என்று மட்டும் கேட்டேன். மாமா சிரித்துவிட்டு, பெட்டியை எடுத்துப் போகும்படி அந்த ஆளிடம் சொல்லப் போனார். நான் நிறுத்தினேன். ஸஅபு இப்னு ஜஸ்ஸாமா (ரலி) அவர்கள் ஒரு காட்டுக் கழுதையை வேட்டையாடிக் கொண்டுவந்து கொடுத்தபோது நபியவர்கள் அதை ஏற்கவில்லை. அவருடைய முகம் வாடியதைக் கண்டதும், நாம் இஹ்ராமில் இருக்கிறோம், அதனால்தான் திருப்பினோம், வேறு காரணம் இல்லை என்று விளக்கிச் சொன்னார்கள். அபூ ஜஹ்ம் (ரலி) அவர்கள் தந்த, வேலைப்பாடுள்ள போர்வை தொழுகையில் கவனத்தைத் திருப்பியபோது அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவரிடமிருந்தே வேலைப்பாடில்லாத இன்னொன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவர் மனம் நோகாமல் இருக்கவே அப்படிக் கேட்டார்கள் என்று ஷரஹு எழுதியவர்கள் கூறுகிறார்கள். மாமா அந்த ஒப்பந்தக்காரருக்குத் தாமே தொலைபேசியில் பேசி, பெட்டி வேண்டாம், நீங்கள் வந்து ஒருவாய் சாப்பிட்டுப் போங்கள் என்றார். அவர் வந்தார். ஒரே சஹனில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டும் போனார்.

சரி, மோதிரமும் இல்லை, வெள்ளியும் இல்லை என்றால் வேறு எதைக் கொடுப்பது? இதற்கு நான் மாமியிடம்தான் போனேன். வீட்டிலே இருப்பவர்களுக்குத் தெரியாததா? மாமி யோசிக்கவே இல்லை. “அவங்களுக்கு ஒரு சாமானும் வேணாம். நாளைக்குக் காலையிலே எழுந்திருச்சு எங்கே போறதுன்னுதான் கவலை” என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கடைத்தெருவில் எத்தனை நாள் அலைந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

இதற்கிடையில் உம்மா இன்னொரு விஷயத்தைக் கிளப்பினார். சின்ன மாமாவும் அதே மாதத்தில்தான் ஊர் திரும்பியிருந்தார். சவூதியில் ஒரு பக்காலாவில் 28 வருடம். விசாவைக் கேன்சல் செய்துகொண்டு ஒரேயடியாக வந்துவிட்டார். உம்மா கேட்டார்: “அவனும்தானே உழைச்சுட்டு வந்திருக்கான். அவனுக்கு யாரு சால்வை போட்டா?”

என்னிடம் பதில் இல்லை. நம் கடற்கரை ஊர்களின் வழக்கத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். முற்காலத்தில் நம்மவர் சைகோனுக்கும் மலாயாவுக்கும் சபுர் போனார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த ‘சொல்தா’க்கள் பென்ஷனோடு திரும்பினார்கள். பிறகு அரபு நாடுகள் வந்தன. அரசாங்க வேலையில் இருந்தவர் ஓய்வு பெற்றால் நாம் அவருக்குக் கொண்டுபோகிறோம். சபுராளி திரும்பினால் அவர் நமக்கு என்ன கொண்டுவந்தார் என்று பார்க்கிறோம். முன்னவருக்கு மாதாமாதம் ஓய்வூதியம் உண்டு. பின்னவருக்குச் சவூதித் தொழிலாளர் சட்டப்படி ஒரு தொகை உண்டு. முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு அரைமாதச் சம்பளம், அதற்கு மேல் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். அது ஒரே முறைதான். சின்ன மாமாவுக்கு அது கிடைத்தது. அதில் ஒரு பங்கு கடைசிப் பெட்டி கட்டுவதிலேயே போயிருக்கிறது. நிடோ டின், கோடாலித் தைலம், பூந்துவாலை, சவுக்காரம் என்று வீடு தவறாமல் வாங்கி வந்திருந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தது. நாங்களும் வாங்கி வைத்துக்கொண்டோம். பெரிய மாமாவின் விருந்தில் அவர் பந்தல்காலோரம் நின்று தால்ச்சா வாளியைத் தூக்கிப் பரிமாறிக்கொண்டிருந்தார்.

மக்களின் பொருளில் பெருக வேண்டும் என்று நீங்கள் கொடுப்பது அல்லாஹ்விடம் பெருகுவதில்லை என்று சூரத்துர் ரூமில் ஒரு வசனம் உண்டு. வட்டியைத் தவிர, அதிகம் திரும்ப வரும் என்று எண்ணிக் கொடுக்கும் அன்பளிப்பையும் அது குறிக்கும் என்று முஃபஸ்ஸிர்களில் பலர் சொல்கிறார்கள். ஓய்வுப் பணம் கைக்கு வந்தவருக்கு நாம் தூக்கிச் செல்லும் கடிகாரத்தின் பின்னே, நாளைக்கு ஒரு கைமாற்றுக் கேட்கலாம் என்ற எண்ணம் ஒளிந்திருந்தால் அது எந்தக் கணக்கில் சேரும்? நம் கல்யாண மொய்யைப் பற்றியும் கேட்பார்கள். ஷாஃபிஈ நூல்களில் ‘நுகூத்’ என்ற பெயரில் அந்தப் பேச்சு உண்டு. அது திருப்பித் தர வேண்டிய கடனா, அன்பளிப்பா என்று இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஊர் வழக்கத்தில் நோட்டுப் போட்டு எழுதுவதாயின் கடன் என்று கொள்வதே பேணுதல். ஓய்வு விருந்திலும் அந்த நோட்டைக் கொண்டுவராதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

மாமன்மாரைப் பற்றி ஒரு ஹதீஸ் உண்டு. முஃமின்களின் அன்னை மைமூனா (ரலி) அவர்கள் ஓர் அடிமைப் பெண்ணை விடுதலை செய்துவிட்டு நபியவர்களிடம் சொன்னார்கள். அவளை உம் தாய்மாமன்மாருக்குக் கொடுத்திருந்தால் உமக்கு இன்னும் பெரிய கூலி கிடைத்திருக்கும் என்று நபியவர்கள் கூறினார்கள். அடிமையை விடுதலை செய்வது எவ்வளவு பெரிய அமல்! அதைவிட இது எப்படிச் சிறந்தது? அந்த மாமன்மாருக்குப் பணிவிடைக்கு ஆள் தேவைப்பட்டிருக்கலாம், தேவையறிந்து உறவினருக்குக் கொடுப்பதில் தர்மமும் உண்டு, உறவைச் சேர்ப்பதும் உண்டு என்று விளக்கம் எழுதியிருக்கிறார்கள். ஓதிய காலத்தில் இந்த ஹதீஸை மனனம் செய்துவிட்டுக் கடந்து போனேன். இரண்டு மாமன்மார் ஒரே மாதத்தில் ஓய்ந்து வந்த பிறகுதான் அது எனக்காகவும் சொல்லப்பட்டது என்று விளங்கிற்று.

தேவை என்று பார்க்கும்போது பணம் இரண்டாம் பட்சமாகிவிடுகிறது. நாங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்த பின், தையல் வேலை செய்யும் அந்த லாத்தா தாமாகவே ஒரு காரியம் செய்தார். இலவம் பஞ்சு வாங்கி, நல்ல தடித்த துணியில் இரண்டு திண்டுகள் தைத்தார். ஒன்று பெரிய மாமாவுக்கு, ஒன்று சின்ன மாமாவுக்கு. முப்பது ஆண்டு நாற்காலியில் குனிந்தவருக்கும், 28 ஆண்டு கல்லாவின் பின்னே நின்றவருக்கும் முதுகு ஒன்றுதானே! கொடுக்கும்போது, சாதாரணத் திண்டுதான், தப்பா நினைச்சுக்காதீங்க மாமா என்றார். ஓர் ஆட்டின் குளம்பாயினும் அண்டை வீட்டுக்காரி தருவதை எந்தப் பெண்ணும் அற்பமாக எண்ண வேண்டாம் என்று நபியவர்கள் சொன்னதை அப்போது நான் எடுத்துச் சொன்னேன். திர்மிதீயில் இன்னொரு அறிவிப்பும் உண்டு. மறுக்கக் கூடாத பொருள்கள் மூன்று: தலையணைகள், நறுமணத் தைலம், பால். அவற்றில் முதலாவதே திண்டுதான் என்றதும் அந்த லாத்தாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் கொடுத்தது பெரிய எழுத்து முஸ்ஹஃப் ஒன்று. அலமாரியில் உறை பிரிக்காமல் கிடக்கும் முஸ்ஹஃபுகள் நம் வீடுகளில் போதுமான அளவு இருக்கின்றன என்பது எனக்கும் தெரியும். ஆகவே அதோடு என் நேரத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். சுபுஹு தொழுதபின் அரைமணி நேரம். பெரிய மாமா சிறுவயதில் ஓதும் பள்ளியில் பாதியில் நிறுத்தியவர். யாஸீன் பாடம். மற்ற சூராக்களைத் திக்கித் திக்கித்தான் ஓதுவார். மருமகன் ஆலிமாக இருக்கும்போது இதை யாரிடம் சொல்வது என்று வெட்கப்பட்டு இத்தனை வருடம் மறைத்திருக்கிறார். சிரமப்பட்டுத் திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸைச் சொன்னேன். “அப்ப எனக்கு உன்னைவிட அதிகம்” என்றார். காலையில் எங்கே போவது என்ற கவலை பாதி தீர்ந்தது. நானோ முதல் வாரத்திலேயே இரண்டு நாள் தூங்கிப் போனேன். கொடுத்த ஹதிய்யாவைத் திரும்ப எடுப்பவன் எதற்கு ஒப்பிடப்பட்டிருக்கிறான் என்பதை மாமாவே எனக்கு நினைவூட்டினார்.

சின்ன மாமாவுக்கு எதைக் கொடுப்பது என்பதுதான் எங்களுக்குப் பிடிபடவில்லை. அதைக் கண்டுபிடித்தவரும் பெரிய மாமாதான். 28 வருடம் வெளியில் இருந்தவருக்கு ஊரில் ஓர் ஆவணமும் சரியாக இல்லை. குடும்ப அட்டையில் பெயர் இல்லை. ஆதாரில் ஒரு பிறந்த தேதி, பாஸ்போர்ட்டில் ஒரு பிறந்த தேதி. வங்கிக் கணக்கு இன்னும் வெளிநாட்டில் வசிப்பவர் என்ற பிரிவிலேயே கிடந்தது. ஓர் அலுவலகத்துக்குள் நுழையவே அவருக்குத் தயக்கம். இதையெல்லாம் முப்பது ஆண்டு பார்த்த கை பெரிய மாமாவின் கை.

சென்ற வியாழக்கிழமை மாலை நான் போலகம் போனபோது இருவரும் திண்ணையில் இருந்தார்கள். இரண்டு திண்டும் அங்கேதான் கிடந்தன. அரபு நாட்டிலிருந்து யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருந்த ஊது அத்தர்ச் சீசாவைச் சின்ன மாமா அண்ணனுக்குக் கொடுத்திருக்கிறார்; தெருமுனையிலேயே மணம் வந்தது. பெரிய மாமா மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ஒரு விண்ணப்பத்தைத் தம்பியின் பக்கம் தள்ளி, “உம்மா பேரை இங்கே எழுதச் சொன்னா உன் பொண்டாட்டி பேரை எழுதியிருக்கே, அடிச்சு எழுதாதே, வேற தாள்ல எழுது” என்று அதட்டிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் அவர் அப்படித்தான் அதட்டுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு மாமி தேத்தண்ணி கொண்டுவந்தார். மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டும் என்று சின்ன மாமா என்னிடம் முறையிட்டார். இன்னும் நான்கு விண்ணப்பங்கள் பாக்கி இருந்தன.